இடக்கையில் மஞ்சள்

ரோசம்மாள் தன் கையிலிருந்த சோப்புக் கட்டியை மேசைமேல் வீசினாள். அது சறுக்கிக்கொண்டு போய் விசாலாட்சியின் காப்பி டம்ளரில் மோதி நின்றது. காப்பி சிந்தி மேசை விளிம்பில் சொட்டியது. அதற்காக அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை.

"இதப் பாருங்க. இது நான் வரஞ்ச படம். எவனோ தூக்கிக் குடுத்துட்டான். திருடின்னு பேரு மட்டும் எனக்கு வந்துடுச்சு."

வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கவேல் துணியைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தான். வில்லியனூரில் வாடகைக் கார் ஓட்டுவது அவன் பிழைப்பு. ஆனால் விசாலாட்சியை ஏற்றிக்கொண்டு ஒரு விசாரணைக்குப் போகும் நாளில்தான் அவனுக்குத் தான் உயிரோடிருப்பதாகவே தோன்றும். அந்த அம்மாள் இருபது ஆண்டுகள் புதுச்சேரி நீதிமன்றத்தில் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கியவர். கள்ளப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் கூர்மையாகி, போலீசாரே ஆலோசனை கேட்க ஆரம்பித்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் வேலையை விட்டு, வில்லியனூர் வீட்டுக்கே வந்துவிட்டார். அடுத்த ஆண்டுக்குள் அவரைத் தேடி ஆட்கள் வருவது அந்த வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது.

"உட்காரு" என்றார் விசாலாட்சி. மேசையைத் துடைத்தார். "மொதல்லேருந்து சொல்லு."

"ஒக்கார வரல. நீங்களும் என்னத் திருடின்னு நெனச்சா இப்பவே சொல்லிடுங்க, போயிடுறேன்."

"எனக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது. தெரியாம ஒருத்தரப் பத்தி நான் நெனைக்கிறது இல்ல. உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். நெட்டப்பாக்கத்தில் கூலிவேலை செய்யும் குடும்பம். வில்லியனூர் ஓவியத் தொழிற்பள்ளியில் கடைசி வருடம் படித்தாள். அந்த வருடம் பள்ளியும் 'பூவழகி' சோப்புக் கம்பெனியும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. பூவழகி நாற்பது வருடமாகப் பேர்போன சோப்பு. அவர்கள் புதிதாக வெளியிடப் போகும் மஞ்சள் சோப்பின் மேலுறைக்கு மாணவர்களே படம் வரைய வேண்டும். எந்தப் படம் தேறுகிறதோ அது அச்சேறும். வரைந்தவருக்குக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை.

"என் படம் தேறிச்சு" என்றாள் ரோசம்மாள். "ஆத்தங்கரையில ஒரு பொம்பள நிக்கிறா. இடுப்புல கொடம், கையில தாழம்பூ. மேல பட்டையா 'பூவழகி'ன்னு எழுத்து. கம்பெனி முதலாளி வந்து பாத்துட்டு, மஞ்ச சோப்புக்குத் தாழம்பூ எதுக்கு, மஞ்சக் கெழங்க வைன்னாரு. அடுத்த சனிக்கெழம மாத்திக் குடுத்தேன். அதோட படத்தப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. முதலாளி காசிக்குப் போயிருந்தாரு. அவரு வர்ற வரைக்கும் படம் பள்ளிக்கூடத்துலயேதான் இருக்கணும், கம்பெனிக்குக்கூட வரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள இது கடைக்கு வந்துடுச்சு."

விசாலாட்சி சோப்பை எடுத்துப் பார்த்தார். 'நிலாமகள் மஞ்சள் சோப்பு, கடலூர்' என்று மொத்தை எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே ஒரு பெண்.

"அதே படமா?"

"அதே மூஞ்சி. கொடத்துல நசுங்கல் இருக்கு பாருங்க, அது எங்க வூட்டுக் கொடம். ஆனா எதிர்ப்பக்கமாத் திருப்பிட்டான். பச்சப் பொடவைய நீலமாக்கிட்டான். அதத்தான் கம்பெனிக்காரங்க புடிச்சிக்கிட்டாங்க. இவ்ளோ அச்சா ஒருத்தி திருப்பி வரையணும்னா, வரஞ்சவளாலதான் முடியும், நீயேதான் வரஞ்சு கடலூர்ல வித்துருக்கன்னு சொல்றாங்க. எங்க மாமா கடலூர்ல மூட்ட தூக்குறாரு. அதுவே சாட்சியாம்." அவள் குரல் உடைந்தது. உடனே அதை அதட்டி நிறுத்தியவள்போல மேலும் கடுமையாகப் பேசினாள். "பள்ளிக்கூடத்த வுட்டுத் தொரத்திட்டாங்க. போலீசுல குடுப்போம்ன்றாங்க. எங்கப்பனுக்குப் பத்து நாளா வேல இல்ல. திருடி வூட்டு ஆளு என் நெலத்துல கால வைக்கக் கூடாதுன்னுட்டாரு நெலத்துக்காரரு."

"தாழம்பூவ மஞ்சளாக்கினது தவிர, அந்த சனிக்கிழமை வேற எதாவது மாத்தினியா?"

ரோசம்மாள் சற்று யோசித்தாள். "எழுத்துல ஒண்ணு பண்ணேன். 'ழ'வுக்குக் கீழ வால் வருதுல்ல, அது முனையில ஒரு மொட்டு தொங்கவிட்டேன். யாரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன். கேக்காம எதுக்குடி கைய வச்சன்னு டிராயிங் மாஸ்டர் கத்துனாரு."

"அப்ப யாரெல்லாம் இருந்தாங்க?"

"சனிக்கெழம ஸ்கூல் லீவு. நானும் மாஸ்டரும்தான். ஈரம் காஞ்சதும் அவரே வாங்கிப் பூட்டிட்டாரு. அதுக்கப்புறம் என் படத்த நான் கண்ணால பாக்கல."

விசாலாட்சி அதற்குமேல் கேட்கவில்லை. "தங்கவேல், வண்டிய எடு" என்றார்.

*

பள்ளிக்கூடச் சுவரில் யாரோ அடுப்புக்கரியால் 'படம் விற்கும் ரோசா' என்று கிறுக்கியிருந்தார்கள். அதை அழிக்க யாரும் முயன்றதாகத் தெரியவில்லை. ஓவிய ஆசிரியர் மணவாளன் இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணுக்காகவா வந்திருக்கீங்க? வீண் வேல. அவ கைய நான் அறிவேன். அந்தத் திமிரு வேற யாருக்கும் வராது."

"படத்தைப் பாக்கலாமா?"

அவர் இடுப்பிலிருந்த சாவியால் பீரோவைத் திறந்தார். அட்டையில் ஒட்டிய ஓவியம் வெளியே வந்தது. தங்கவேலுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதைப் பார்த்தபோது ஒரு பெண் இப்போதுதான் குளித்து ஏறி வந்து எதிரில் நிற்பதுபோல இருந்தது. பச்சைப் புடவை, மஞ்சள் கரை. இடது தோளில் முந்தானை, இடது இடுப்பில் குடம், வலது கையில் மஞ்சள். மேலே பட்டையாக எழுத்து. ழகரத்தின் வாலில் சின்ன மொட்டு.

விசாலாட்சி பூதக்கண்ணாடியை எடுத்தார். பெண்ணின் காலடியில் வெகுநேரம் பார்த்தார். "இங்க ஒரு முடி ஒட்டியிருக்கு."

"பிரஷ் முடி. வண்ணத்தோட சேந்து காஞ்சுடுச்சு. வேலையில சுத்தம் இல்லாதவ."

"இந்தப் பீரோ சாவி வேற யார்கிட்டயாவது?"

"என்கிட்ட மட்டும்தான்."

"அந்த சனிக்கிழமைக்கு அப்புறம் படம் வெளியே போச்சா? யாருக்காவது காட்டினீங்களா? இல்ல, அதைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"போகல. காட்டல. பேசல." மணவாளன் ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பதுபோல அடித்தார். "முதலாளி உத்தரவு. நான் மீற மாட்டேன். அவ வீட்ல வச்சிருந்த ஒத்திகைப் படத்தைப் பாத்து வரஞ்சு குடுத்திருக்கா. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

வெளியே வராந்தாவில் கமலவேணி நின்றிருந்தாள். வில்லியனூர்க் கடைத்தெரு மளிகைக்காரர் மகள். போட்டியில் இரண்டாவதாக வந்தவள். விசாலாட்சி கேட்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்தாள்.

"அவ பக்கத்துல ஒக்காரவே எனக்குப் புடிக்காது. நான் மறச்சுப் பேச மாட்டேன். எனக்கு வரவேண்டிய வேலை அது."

"நிலாமகள் சோப்பு பாத்தியா?"

"எங்க கடைக்கே வந்துச்சே. பாத்ததும் எனக்கு ஆச்சரியம். நான் பாத்தப்ப அவ படத்துல தாழம்பூதான இருந்துச்சு? மஞ்சளா மாத்தினாளா இன்னான்னு மாஸ்டர்கிட்ட கேட்டேன். ஒன் வேலையப் பாருன்னு எரிஞ்சு விழுந்தாரு."

காரில் ஏறியதும் தங்கவேல் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "யக்கா, இந்தப் பொண்ணுதான். மொகத்துல எவ்ளோ வெறுப்பு பாத்தீங்களா?"

"வெறுப்பை வெளியே கொட்டிட்டா. உள்ள வச்சிருக்கிறவங்களத்தான் தேடணும். அதுவுமில்லாம, அவளுக்குத் தெரிஞ்சது தாழம்பூப் படம். கடைக்கு வந்தது மஞ்சள் படம்."

*

கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் நிலாமகள் சோப்பு அடுக்கடுக்காக இருந்தது. விசாலாட்சி நான்கைந்து கட்டிகள் வாங்கினார். கடைக்காரர் மகிழ்ச்சியோடு தூசி தட்டிக் கொடுத்தார்.

"நீங்களாவது வாங்குனீங்களே. மணம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பொம்பளைங்க கையில எடுத்துப் பாக்குறாங்க, திருப்பி வச்சுடுறாங்க. என்னாம்மா கொறன்னா சொல்லத் தெரியல. என்னாவோ புடிக்கலன்றாங்க."

விசாலாட்சி காரில் உட்கார்ந்து, உறைகளைக் கிழியாமல் பிரித்தார். ஒன்றை மடியில் விரித்துப் பார்த்தார். பிறகு அதன் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வெயிலுக்கு எதிரே பிடித்தார். மெல்லிய தாளில் ஒளி ஊடுருவி, படம் நிழலாகத் தெரிந்தது.

"தங்கவேல், இந்தப் படத்தைத் திருப்பிப் போட்டது ஏன்?"

"ஏமாத்தத்தான். அதே படமில்ல, வேற படம்னு சொல்லிக்க."

"அப்படின்னா மூஞ்சிய மாத்தியிருக்கலாமே. குடத்து நசுங்கலை எடுத்திருக்கலாமே." அவர் உறையை அவனிடம் கொடுத்தார். "அந்தக் கடையில பொம்பளைங்களுக்கு ஏன் புடிக்கலன்னு தெரியுதா?"

அவன் பார்த்தான், தலையைச் சொறிந்தான். அவர் சிரித்துக்கொண்டு, "கம்பெனிக்கு விடு" என்றார்.

*

பூவழகி கம்பெனியின் விளம்பர மேலாளர் வைத்தியலிங்கம், முதலாளியின் தங்கை கணவர். வெள்ளைச் சட்டை, சென்ட் மணம். அவர் அறையின் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்: கோயில் தேர், ஆரோவில் குழந்தைகள், குடும்பக் கல்யாணங்கள். தங்கவேல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"எல்லாம் நானே எடுத்தது" என்றார் வைத்தியலிங்கம். "கழுவுறதும் நானே. வீட்லயே இருட்டறை வச்சிருக்கேன். சரி, விஷயத்துக்கு வாங்க. எனக்கு நேரம் இல்ல."

"கடைசியா அந்தப் படத்தை எப்பப் பாத்தீங்க?"

"தேர்வு நாள் அன்னைக்கு. மச்சான் என்னையே நம்பாம, படம் ஆபீசுக்கு வரக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல பூட்டச் சொல்லிட்டார். இருபது வருஷமா இங்க உழைக்கிறவன் நான். அந்த மரியாதை எனக்கு." அவர் உதடு கோணியது. "தாழம்பூவ மஞ்சளா மாத்தச் சொன்னார்னு கேள்விப்பட்டேன். மாத்தின படத்தை நான் பாக்கவே இல்ல. பாக்க விருப்பமும் இல்ல. சொல்லப்போனா, இந்தக் கூத்தே எனக்குப் புடிக்கல. நாப்பது வருஷக் கம்பெனி. நண்டு சிண்டுங்களை வச்சுப் படம் போடணுமா?"

"படம் நல்லா இருந்ததாகச் சொல்றாங்களே."

"என்ன நல்லா இருந்துச்சு?" அவர் குரல் உயர்ந்தது. "ழகரத்து வால்ல ஒரு மொட்டைத் தொங்கவிட்டா அது ஓவியமா? கூலிக்காரன் வீட்டுப் பொண்ணுக்கு மச்சான் வேலை குடுக்கறேன்னார். இப்ப என்ன ஆச்சு? முதுகுல குத்திட்டா. எந்த இடத்துல யார வைக்கணும்னு ஒரு முறை இருக்குங்க."

விசாலாட்சி கைகூப்பி எழுந்தார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. ஆனால் படியிறங்கும்போது தங்கவேலிடம் சொன்னார்: "முதலாளி வீட்டுக்குப் போ. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லு. அவர் படத்தைத் தூக்கிக் குடுத்தவரை நான் காட்டறேன்னு சொல்லு. மேலாளரையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

"யக்கா! யாருன்னு எனக்காவது சொல்லுங்க!"

"நான் பாத்ததெல்லாம் நீயும் பாத்த. நான் கேட்டதெல்லாம் நீயும் கேட்ட. ராத்திரி யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

*

மறுநாள் பள்ளியின் ஓவிய அறையில் எல்லோரும் கூடினார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி ஜெகநாதன் நடு நாற்காலியில் கனத்த உடம்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைத்தியலிங்கம். மணவாளன் பீரோவை ஒட்டி நின்றார். கமலவேணி ஜன்னலோரம். ரோசம்மாள் உள்ளே நுழைந்ததும் ஜெகநாதன் முகம் சுளித்தார்.

"இந்தப் பொண்ண எதுக்குக் கூப்பிட்டீங்க? இவ இருக்கிற எடத்துல நான் ஒக்காரணுமா?"

"நீங்க எழுந்து நின்னாலும் சரி" என்றாள் ரோசம்மாள்.

விசாலாட்சி கையமர்த்தினார். "கோபத்தை ஒரு கால்மணி நேரம் எல்லாரும் தள்ளி வைங்க. மாஸ்டர், படத்தை வெளியே எடுங்க."

ஓவியம் மேசைமேல் வந்தது. பக்கத்தில் நிலாமகள் உறையை வைத்தார்.

"முதலாளி, இந்தப் பொண்ணு மேல உங்க குற்றச்சாட்டு என்ன? படத்தைத் திருப்பி வரஞ்சு கொடுத்தா, நிறத்தை மாத்தினா, எல்லாம் ஏமாத்தறதுக்குன்னு. சரி. திருப்பினதால என்ன ஆச்சுன்னு பாருங்க. கமலவேணி, நீ வந்து பாரு. உனக்கு இவளைப் புடிக்காது. அதனால நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அந்தப் பொம்பளை எந்தக் கையில மஞ்சள் வச்சிருக்கா?"

கமலவேணி குனிந்து பார்த்தாள். அவள் முகம் கோணியது. "ஐயே. இடது கையில."

"முந்தானை?"

"சோத்தாங்கைப் பக்கத் தோள்ல கெடக்கு. நம்ம பக்கத்துல யாரு இப்பிடிக் கட்டுவா?"

"கிருமாம்பாக்கத்துக் கடையில பொம்பளைங்க சோப்பை எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி வச்சது இதனாலதான். மங்கலப் பொருளை இடக்கையில பிடிச்சு நீட்டறா. காரணம் சொல்லத் தெரியலன்னாலும் மனசு ஒட்டல. இப்ப யோசிங்க. ஏமாத்தறதுக்காக ஒருத்தர் உக்காந்து திருப்பி வரையறார்னா, கையையும் முந்தானையையும் சரிபண்ணாம விடுவாரா? அதுவும் இந்த ஊர்ப் பொண்ணு விடுவாளா? இதை யாரும் வரையவே இல்ல."

"வரையாம எப்படி வரும்?" என்றார் ஜெகநாதன்.

விசாலாட்சி ஓர் உறையின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். பூதக்கண்ணாடியை முதலாளி கையில் கொடுத்தார். "பின்பக்கமாப் பாத்தா படம் நேராயிடும். காலடியைப் பாருங்க. மெல்லிசா ஒரு கோடு தெரியுதா? இப்ப ஓவியத்தைப் பாருங்க. அதே இடத்துல பிரஷ் முடி ஒண்ணு ஒட்டிக் காஞ்சிருக்கு. வரையறவங்க முகத்தைப் பாத்து வரைவாங்க, குடத்தைப் பாத்து வரைவாங்க. ஒட்டியிருக்கிற முடியைப் பாத்து யாரும் வரைய மாட்டாங்க. அதைப் பிடிக்கிறது கேமரா ஒண்ணுதான்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. தங்கவேல் திரும்பவில்லை. அவன் மனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதவுகள் திறந்துகொண்டிருந்தன.

"இந்த ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, நெகட்டிவைக் கடலூருக்கு அனுப்பியிருக்காங்க. அனுப்பறதுக்கு முன்னால மேல் பட்டையை வெட்டியாகணும். அதுல பூவழகின்னு இருக்கே! எழுத்து போயிட்டதும் நெகட்டிவுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு சொல்ல ஒண்ணுமில்ல. அச்சுக்காரன் பின்பக்கமா வச்சுட்டான். படம் திரும்பிடுச்சு. நிறம் மாறினதும் அப்படித்தான். கறுப்பு வெள்ளை நெகட்டிவுல பச்சை ஏது, நீலம் ஏது? அவனா ஒரு நிறம் போட்டுக்கிட்டான். ஏமாத்தத் திருப்பினாங்க, ஏமாத்த நிறம் மாத்தினாங்கன்னு நீங்க நெனச்சது ரெண்டும் அச்சுக்காரனோட தடுமாற்றம்."

"அப்ப அந்தப் போட்டோவ இவளே எடுத்திருக்கலாம்" என்றார் வைத்தியலிங்கம்.

"எப்ப எடுப்பா? உறையில இருக்கிறது மஞ்சள். தாழம்பூ மஞ்சளானது அந்த சனிக்கிழமை, இதே அறையில, மாஸ்டர் கண்ணு முன்னால. ஈரம் காஞ்சதும் அவரே வாங்கிப் பூட்டிட்டார். அவரும் அதை மறுக்கல. அதனால போட்டோ எடுத்தது பூட்டினதுக்கு அப்புறம். பீரோ சாவி மாஸ்டர் இடுப்புல."

எல்லார் பார்வையும் மணவாளன்மேல் திரும்பியது. அவர் பீரோவில் முதுகை அழுத்திக்கொண்டார். "என்கிட்ட கேமராவே கிடையாது! நான் எதுக்கு..."

"பொறுங்க. நேத்து உங்களைக் கேட்டேன். மாத்தின படம் வெளியே போச்சா, யாருக்காவது காட்டினீங்களா, யார்கிட்டயாவது பேசினீங்களான்னு. மூணுக்கும் இல்லன்னீங்க. உங்க மேலாளரையும் கேட்டேன், முதலாளி. தேர்வு நாளுக்கு அப்புறம் படத்தைப் பாக்கவே இல்லன்னார்." விசாலாட்சி ஓவியத்தின் மேல்பகுதியில் விரல் வைத்தார். "இந்த ழகரத்து வால்ல ஒரு மொட்டு இருக்கு. தேர்வு நாள்ல அது கிடையாது. இந்தப் பொண்ணு யாரும் சொல்லாமலே அந்த சனிக்கிழமை சேத்தது. நிலாமகள் உறையில பாத்திருக்கவும் முடியாது. அங்க இந்தப் பட்டையே இல்ல. ஆனா நேத்து உங்க மேலாளர், 'ழகரத்து வால்ல ஒரு மொட்டைத் தொங்கவிட்டா அது ஓவியமா'ன்னு என்கிட்ட கேட்டார். பாக்காத படத்துல அந்த மொட்டு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வைத்தியலிங்கம் எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது. "மணவாளன்தான் சொன்னார். பேச்சுவாக்குல சொன்னார். இல்லீங்களா மாஸ்டர்?"

"நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க, மாஸ்டர்" என்றார் விசாலாட்சி. "வாய்வார்த்தையாச் சொன்னதோட சரின்னு நீங்க ஒத்துக்கிட்டா, படம் இந்தப் பீரோவை விட்டு வெளியே போகல. அப்ப போட்டோ எடுக்க விட்டவர் நீங்க ஒருத்தர்தான். மேலாளர் வீட்டுக்குப் போயிடுவார். போலீஸ் உங்களத் தேடி வரும்."

மணவாளன் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார். வைத்தியலிங்கம் அவரைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் கலந்திருந்தன. பிறகு மணவாளன் முதலாளி பக்கம் திரும்பி, ஒரே மூச்சில் கொட்டினார்.

"கார்ல எடுத்துட்டுப் போனாருங்க. ஞாயித்துக்கெழம காலையில வந்தாரு. அளவு எடுக்கணும், சாயந்தரம் குடுத்துடறேன்னாரு. கம்பெனிக்காரர் கேக்கும்போது நான் எப்படிங்க மாட்டேன்றது? சாயந்தரமே திரும்பக் குடுத்துட்டாரு. அந்தச் சோப்பு கடைக்கு வந்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. வாயத் தொறந்தா நீயும் சேந்து உள்ள போவேன்னாரு. அவளப் பத்தி நாலு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்கன்னாரு. நம்பிட்டாங்க."

"பொய்" என்றார் வைத்தியலிங்கம். ஆனால் அதை அவர் முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஜெகநாதன் எழுந்து அவர் எதிரே போய் நின்றார். "கடலூர்க்காரன் கூட நீ கூட்டுச் சேந்திருக்கேன்னு எனக்கு ரெண்டு பேர் சொன்னாங்க. தங்கச்சி மொகத்தப் பாத்து நம்பல."

அதைக் கேட்டதும் வைத்தியலிங்கத்திடம் மிச்சமிருந்த பணிவும் போய்விட்டது. "ஆமா, சேந்தேன்!" என்று கத்தினார். "இருபது வருஷம் உன் கம்பெனிய நான் தூக்கி நிறுத்தினேன். பங்கு கேட்டா சிரிச்ச. ஒரு படத்தைப் பூட்டி வைக்கும்போதுகூட என்னைத் திருடனா நெனச்சுப் பூட்டின. அப்புறம் நான் ஏன் திருடக் கூடாது?"

அவர் வெளியேறினார். சற்று நேரத்தில் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ஜெகநாதன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்தார். பேசியபோது வியாபாரக் குரல் திரும்பியிருந்தது.

"இது எங்க குடும்ப விவகாரம். வெளிய போகக் கூடாது. போலீசு, கேசு எதுவும் வேணாம். அந்தப் பொண்ணு மேல குடுக்க இருந்த புகாரை நிறுத்திடறேன். சொன்ன வேலையும் அவளுக்கு உண்டு. நாளைக்கே ஆபீசுக்கு வரட்டும்." அவர் அப்போதும் ரோசம்மாளை நேராகப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் திருப்திதான?"

"எனக்கு இல்ல" என்றாள் ரோசம்மாள்.

"இன்னும் என்ன வேணும்?"

"என்னத் திருடின்னு ஊரு முழுக்கச் சொன்னீங்க. இல்லன்றத மட்டும் கதவச் சாத்திக்கிட்டுச் சொல்றீங்க. வெளிய வந்து சொல்லுங்க. இந்த மாஸ்டர் வாயாலயே சொல்லட்டும். எங்கப்பன வேலைக்கு வராதன்னவரு காதுக்குப் போற மாதிரி சொல்லட்டும்."

"அளவா பேசு" என்றார் ஜெகநாதன். "வேலை குடுக்கறேன்னு சொன்னவன் வேணாம்னும் சொல்லலாம்."

"சொல்லுங்க. அப்ப நான் போலீசுக்குப் போறேன். குடும்ப விவகாரம் கோர்ட்டு கச்சேரியில என்னா ஆவுதுன்னு பாப்போம்."

ஜெகநாதன் விசாலாட்சியைப் பார்த்தார், அவர் இந்தப் பெண்ணை அடக்குவார் என்று எதிர்பார்த்ததுபோல. விசாலாட்சி பூதக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுல அந்தப் பொண்ணுக்குச் சாட்சி சொல்ல நான் வருவேன்" என்றார் நிதானமாக. "பிரெஞ்சிலயும் சொல்லுவேன், தமிழ்லயும் சொல்லுவேன்."

முதலாளி மணவாளனைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மணி அடித்து மாணவர்களை முற்றத்தில் கூட்டினார்கள். பள்ளிக்கு எதிர்ச் சாரியிலிருந்த டீக்கடைக்காரர்களும், சைக்கிளில் போனவர்களும் வேலியோரம் நின்றுவிட்டார்கள். மணவாளன் படிக்கட்டில் ஏறி நின்றார். கீழே பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். படத்தை வெளியே கொடுத்தது ரோசம்மாள் அல்ல என்பதும், தாம் பொய் சொன்னதும் முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும்.

கமலவேணி முன்வரிசையில்தான் நின்றாள். அவளுக்கு ரோசம்மாளை இப்போதும் பிடிக்கவில்லை என்பது அவள் நின்ற தோரணையிலேயே தங்கவேலுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் திரும்பி, பின்னால் நின்றவர்களிடம், "மாஸ்டர் பொய் சொன்னாராம், அவ எடுக்கலியாம்" என்றாள், எரிச்சலோடு.

கூட்டத்தின் கடைசியில், வேலியோரம் நின்றவர்களுக்கு அருகில் இருந்த ரோசம்மாளுக்கு அது போதவில்லை.

"சார்!" என்று அவள் குரல் முற்றம் முழுக்க எழுந்தது. "என்னத் திருடின்னு சொன்னப்ப ரோடு வரைக்கும் கேட்டுச்சு. இது ஏன் எனக்கே கேக்கல?"

மணவாளன் தலையை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு முதல் வார்த்தையிலிருந்து, சத்தமாக, மறுபடியும் ஆரம்பித்தார்.